சக்ரி இறக்கிய குழாய்கள்

ஜாவாவின் வடகரையிலுள்ள தம்பாக்லாரஸில் சக்ரி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. காப்பியை நின்றபடியே குடிப்பார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால் பிரசங்கம் முடிவதற்குள் நாலு தடவை இடம் மாறுவார். "உங்க உடம்புல எறும்பு குடியிருக்கா, மாஸ்?" என்று, அண்ணனுக்கும் கணவனுக்கும் ஊரில் பொதுவான அழைப்போடு, மனைவி கஸ்தினா கேட்பாள். கல்யாணமான புதிதில் கேட்கத் தொடங்கியவள், முப்பத்துமூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தொழில் அப்படி. ஆழ்துளைக் கிணறு போடுகிறவன் உட்கார முடியாது. துளைக்கும் முனை உள்ளே இறங்கும்போது குழாயின் நடுக்கம் உள்ளங்கையில் தெரியவேண்டும். களிமண்ணா, மணலா, சிப்பிப் படிவமா என்பதை அந்த நடுக்கம்தான் சொல்லும். ஒரு நிமிஷம் கவனம் பிசகினால் முனை சிக்கிக்கொள்ளும். பத்து நாள் வேலை போச்சு.

முதல் கிணற்றை இருபத்திரண்டு வயதில் போட்டார். அப்போது ஊரில் அறுபது வீடுகள்தான். சுற்றிலும் மீன் குட்டைகள், அதற்கப்பால் ஜாவாக் கடல். நாலு பேர் சேர்ந்து கையால் சுற்றிச் சுற்றி ஏழு குழாய் இறக்கினார்கள். குழாய் ஒன்று பத்தடி. ஏழாவது குழாய் இறங்கி முடிவதற்குள் தண்ணீர் தானாகவே பீறிட்டு வந்து சக்ரியின் முகத்தில் அடித்தது. மோட்டார் இல்லை, கைபம்பு இல்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படியொரு இனிப்பான தண்ணீர். ஊரே குடத்தோடு ஓடிவந்தது. ஒருத்தி தன் கைக்குழந்தையை அந்தப் பீச்சலுக்கு நேராகக் காட்டிக் குளிப்பாட்ட, குழந்தை வாய்விட்டுச் சிரித்தது. ஒரு மனிதன் தன் இரண்டு கையால் ஊருக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுக்க முடியும் என்பது சக்ரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு வேறு எந்த வேலையையும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகு நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் ஆலைகள் வந்தன. சட்டை தைக்கிற ஆலை, நூலுக்குச் சாயம் போடுகிற ஆலை, மீனை டப்பாவில் அடைக்கிற ஆலை. மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். தங்க அறை வேண்டும், அறைக்குக் குளியல் தொட்டி வேண்டும், தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும். மீன் குட்டைகளில் மண்ணைக் கொட்டி மூடி, அதன்மேல் வரிசை வீடுகள் கட்டினார்கள். வந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊரிலிருந்த தம்பி தங்கைகளையும் வரவழைத்துக்கொண்டார்கள். அறுபது வீடு அறுநூறாயிற்று. அதற்குமேல் யாரும் எண்ணவில்லை. கூரைக்கு ஒரு துளை என்று பூமி சல்லடையானது. ஆலைக்காரர்கள் பெரிய லாரிகளில் இயந்திரம் கொண்டுவந்து தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். லாரி நுழைய முடியாத சந்துபொந்தெல்லாம் சக்ரிக்கும் அவர் மைத்துனன் பர்ஜோவுக்கும்.

ஏழு குழாய் பன்னிரண்டாயிற்று. பன்னிரண்டு இருபதாகி, இருபது முப்பத்தைந்தாயிற்று. தண்ணீர் தானாக மேலே வருவது எந்த வருஷத்தில் நின்றதென்று சக்ரியால் சொல்ல முடியாது. கைபம்பு வைத்தார்கள், பிறகு மோட்டார், பிறகு குழாய்க்குள்ளேயே இறக்கிவிடுகிற மோட்டார்.

"பூமிக்கு வயசாயிடுச்சு, மாஸ். நம்மள மாதிரியே கூப்பிட்ட குரலுக்கு எந்திரிச்சு வரமாட்டேங்குது" என்பான் பர்ஜோ.

சக்ரி சிரிப்பார். ஒவ்வொரு கிணறு முடிந்ததும் குழாயைச் சுற்றி ஒரு சிமெண்டு மேடை கட்டுவார். மேடை குழாயைத் தொடுகிற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வளையம் இழுப்பார். இது சக்ரி போட்டது என்பதற்கு அடையாளம். அந்த வளையத்தைப் பார்த்தால் வீடு வாங்க வருகிறவர்கள் வேறு கேள்வி கேட்பதில்லை என்று ஊரில் பேச்சு.

கடல் உள்ளே வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் வருஷத்துக்கு இரண்டு தரம், பௌர்ணமியை ஒட்டி வந்தது. பிறகு மாதத்துக்கொரு தரம். பிறகு தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, வேலைக்கு வருகிறவன் போலத் தவறாமல் வந்து, தெருவில் முழங்கால் ஆழம் நின்றுவிட்டுப் போயிற்று. ஊரில் அதற்கு ரோப் என்று பெயர். "ரோப் வந்தாச்சா?" என்று கேட்பது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. சக்ரி மூன்று தரம் வீட்டுத் தரையை மண்ணடித்து உயர்த்தினார். தரை உயர்ந்தது, கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. கதவை மேற்பக்கம் அறுத்துக் குள்ளமாக்க வேண்டியிருந்தது. ஜன்னல் முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

"இப்ப குனிஞ்சு போறோம். இன்னும் ரெண்டு வருஷத்துல தவழ்ந்து போவோம். அப்புறம் நம்மள நாலு பேர் தூக்கிட்டு வெளிய வர்றதுக்குக்கூட வாசல் பத்தாது" என்றாள் கஸ்தினா.

கடல் ஏன் வருகிறது என்பதற்குத் தொலைக்காட்சி காரணம் சொன்னது. உலகம் சூடாகிறது, துருவத்துப் பனி உருகுகிறது, கடல் மட்டம் ஏறுகிறது. சக்ரி அதை நின்றபடியே முழுவதும் கேட்டார். கேட்டதும் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. எங்கேயோ பெரிய நாடுகளில் யாரோ விட்ட புகை இங்கே வந்து நம் வாசலை நனைக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது? டீக்கடையில் நின்று இதை அவரே பலருக்கு விளக்கிச் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது பிடித்திருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் யு மர்சி, ஊருக்கெல்லாம் மர்சி அக்கா. பதினாறு அறை கட்டி ஆலைப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவள். தெருமுனையில் பேசினால் பள்ளிவாசலில் கேட்கும். ஒரு நாள் காலையில் சக்ரியின் வாசலில் வந்து நின்றாள்.

"சக்ரி! நீ போட்ட போர் மேல ஏறி வருதுடா!"

"எது ஏறி வருது?"

"குழாய்தான். மோட்டார் பைப்பைப் பிச்சுக்கிட்டு முழங்கால் உயரத்துக்கு வந்து நிக்குது. அறைக்காரப் பொண்ணுங்க பயந்து சாகுதுங்க. உள்ள பேய் இருந்து தள்ளுதாம். ஒழுங்கா ஊனாம அரைகுறை வேலை பார்த்திருக்க."

அரைகுறை வேலை என்ற சொல் சக்ரிக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டையைக்கூட மாட்டாமல் அவள் பின்னாலேயே போனார். பின்கட்டில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட முப்பத்தைந்து குழாய்க் கிணறு. யு மர்சி சொன்னது பொய்யில்லை. இரும்புக் குழாய் மேடையை உடைத்துக்கொண்டு மேலே நின்றது. சிவப்பு வளையம் அவர் முட்டியளவு உயரத்தில் இருந்தது. வளையத்துக்குக் கீழே சிமெண்டு பிடித்திருந்த தடம் ஒரு சாண் தெரிந்தது. அதற்கும் கீழே துருவேறாத, வெயிலையே பார்க்காத இரும்பு.

சக்ரி குனிந்து குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறந்த நாளிலிருந்து அங்கேயே நின்றதுபோல உறுதியாக இருந்தது. முந்நூற்றைம்பது அடி ஆழத்தில் கெட்டி மணலில் கால் ஊன்றி நிற்கிற குழாய் எப்படி மேலே வரும்? யார் தள்ளுவது? கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தலைக்குமேல் தாழ்ந்து வந்திருந்த ஓட்டு விளிம்பைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? சரி பண்ணிக் கொடுப்பியா மாட்டியா?"

"குழாய் ஏறலை, யு" என்றார் சக்ரி. "நாமதான் இறங்கிட்டிருக்கோம்."

"காலங்காத்தால கதை விடாத."

அன்றைக்கு ஆரம்பித்த நடை மூன்று வாரம் நிற்கவில்லை. ஒரு அளவுநாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு, சைக்கிள் போகிற இடத்துக்குச் சைக்கிளிலும், போகாத இடத்துக்குத் தண்ணீரில் இறங்கி நடந்தும், தான் போட்ட கிணறு ஒவ்வொன்றையும் தேடிப் போனார். குளியலறைக்குள், கோழிக்கூட்டுக்குப் பின்னால், படுக்கையறைத் தரைக்கடியில் என்று குழாய்கள் எங்கெங்கோ இருந்தன. கதவைத் தட்டி, "கொஞ்சம் போரைப் பார்த்துக்கறேன்" என்பார். ஒரு வீட்டில் குளித்துக்கொண்டிருந்த ஆள் சோப்பு நுரையோடு வெளியே வந்து திட்டினான். தூக்கத்திலும் அவர் விரல்கள் சாண் அளந்துகொண்டிருந்தன என்று கஸ்தினா சொன்னாள்.

எல்லாக் கிணறும் ஒரே கதையைத்தான் சொன்னது. ஏழு குழாய்க் கிணறுகளில் சிவப்பு வளையத்துக்கும் மேடைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இருபது குழாயில் ஒன்றரைச் சாண். முப்பத்தைந்தில் முழங்கால். ஆழமாகப் போகப் போகக் கால் உறுதியான அடி மண்ணில் நிற்கிறது. அதற்கு மேலே இருக்கிற மண்ணெல்லாம் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, பிழிந்த பஞ்சுபோல அமுங்கி, வீட்டையும் தெருவையும் பள்ளிவாசலையும் சுமந்துகொண்டு கீழே போகிறது. கடலும் ஏறத்தான் செய்கிறது, தொலைக்காட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் கடல் விரல் விரலாக ஏறுகிறது. மண் சாண் சாணாக இறங்குகிறது.

இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகள். தன் கையால் போட்டவை.

கஸ்தினாவிடம்தான் முதலில் சொன்னார். அவள் சோயா டெம்பே வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். இவர் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே சொல்லி முடித்தார். அவள் கரண்டியை வைத்தாள்.

"அப்ப இந்த ஊரையே மூழ்கடிச்சது நீங்கதான்னு சொல்றீங்க."

"ஆமா."

"உங்களுக்கு ரொம்பத்தான் பெருமை. சாய ஆலைக்காரன் ராவும் பகலும் உறிஞ்சறானே, அதெல்லாம் எந்தக் கணக்கு?"

"அவனும்தான். ஆனா சந்துக்குள்ள இருக்கறதெல்லாம் நான்."

"தண்ணியில்லாம இத்தனை பேர் என்ன பண்ணியிருப்பாங்க? காத்தைக் குடிச்சிருப்பாங்களா?"

அந்தக் கேள்விதான் சக்ரியை அன்றிலிருந்து அரித்தது. கெட்டது செய்தோம் என்று நினைத்தால் அழுதுவிட்டாவது ஓயலாம். இவர் செய்தது தண்ணீர் கொடுத்தது.

அந்த வருஷ மழைக்காலம் முடிந்ததும் பள்ளிவாசல் கிணறு உப்பானது. வீட்டுப் போர்கள் முன்பே கரித்துப்போனதால் நாற்பது வீடுகள் அதை நம்பியிருந்தன. தெருக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை பள்ளிவாசலில் கூடிப் பேசி, நாற்பத்தைந்து குழாய் இறக்கிப் புதுக் கிணறு போடுவதென்று முடிவு செய்தார்கள். பேச்சு முடிந்து எல்லோரும் சக்ரியைப் பார்த்தார்கள். அவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நான் போடமாட்டேன்" என்றார்.

யாரோ சிரித்தார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று. அவர் வளையங்களைப் பற்றிச் சொன்னார், அளவுகளைச் சொன்னார். பேசிப் பழக்கமில்லாததால் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் சொன்னார்.

"அப்ப தண்ணிக்கு என்ன வழி, லிக்?" என்று சித்தப்பா முறை வைத்து ஒருவன் கேட்டான்.

"தெரியல."

"இருநூறு கிணறு போட்டுச் சம்பாதிச்சப்ப தெரியலையா? நாங்க கேக்கும்போதுதான் ஞானம் வருதா?"

"அவரு வீட்டுப் பின்னாடி போர் இன்னும் நல்லாத்தான் ஓடுது. அதான் பேசறாரு" என்றாள் யு மர்சி.

அது உண்மை. சக்ரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு தெருவில் பேச்சு நின்றது. டீக்கடையில் இவர் வந்தால் பெஞ்சு காலியாகும். எப்படியும் உட்காராதவருக்கு அது ஒன்றும் இழப்பில்லை என்று பர்ஜோ கேலி செய்தான். ஆனால் பர்ஜோவுக்கும் கோபம் இருந்தது. வேலையில்லாமல் மீன் ஆலையில் பெட்டி தூக்கப் போய்க்கொண்டிருந்தான். பெண்கள் படகில் போய் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வாங்கி வந்தார்கள். கஸ்தினா தன் வீட்டுக் கிணற்றிலிருந்து அக்கம்பக்கத்துக்கு இறைத்துக் கொடுத்தாள். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் சக்ரி எதிரே வந்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு மறுபக்கம் பார்த்தார்கள்.

மகள் விவின் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. ஊர் முழுவதும் பிள்ளைகளும் பிறந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஒரு மாதத்தில் அதே தெருவில் ஐந்து. குழந்தை பிறந்த இருபதாம் நாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் கரிக்க ஆரம்பித்தது. குழந்தையின் கழுத்து மடிப்பிலும் தொடையிலும் சிவந்து தடித்தது. விவின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொல்றது சரின்னே வெச்சுக்குவோம். நீங்க போடாம விட்டா மண்ணு இறங்கறது நின்னுடுமா?"

"நிக்காது."

"அப்ப எதுக்கு இந்த வீம்பு?"

"என் கை அதுல இருக்கக்கூடாதுன்னு."

"உங்க கை சுத்தமா இருந்தாப் போதுமா? இவனை எதுல குளிப்பாட்டட்டும்?"

சக்ரி குழந்தையைப் பார்த்தார். அது கையை முறுக்கிக்கொண்டு அழுதது. அவர் வெளியே போய்த் தண்ணீர் நிற்கிற தெருவில் முனைக்கும் முனைக்கும் நடந்தார். நாலைந்து தரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். எந்த முடிவும் வரவில்லை.

முடிவை வெளியூர்க்காரன் கொண்டுவந்தான். தெருக்காரர்கள் காத்திருந்து சலித்து, நகரத்திலிருந்து தர்மின் என்ற கிணறுகாரனைக் கூட்டிவந்தார்கள். முப்பத்தைந்து வயது, காதில் ஒரு கிராம்பு சிகரெட், புத்தம்புது இயந்திரம். பள்ளிவாசலுக்குப் பின்னால் குழாய் தூக்கும் இரும்பு முக்காலி நட்டு வேலை தொடங்கினான். போகக்கூடாது என்று சக்ரி இரண்டு நாள் தன்னைப் பிடித்துவைத்தார். மூன்றாம் நாள் அந்த இயந்திரச் சத்தத்தில் ஏதோ பிசகு கேட்டது. காலே அவரைக் கொண்டுபோயிற்று.

தர்மின் கெட்டிக்காரன். வேகம் நன்றாக இருந்தது. ஆனால் துளைக்கும் குழாய்க்கும் நடுவேயிருந்த இடைவெளியை அவன் அடைக்கவில்லை. மேலே தேங்கிய கடல் தண்ணீர் அந்த இடுக்கு வழியாகக் குபுகுபுவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நிறுத்து. மேல் உப்பு அப்படியே அடிக்குப் போகுது பாரு. எட்டாவது குழாய் வரைக்கும் களிமண்ணும் சிமெண்டும் வெச்சு அடைக்கணும்."

"பாக், அதுக்கெல்லாம் இவங்க நாள் கொடுக்கலை. சீக்கிரம் தண்ணி வேணும்கறாங்க" என்றான் தர்மின். பாக் என்றால் ஐயா.

"இப்படி விட்டா நாற்பது வீட்டுத் தண்ணி இல்ல, அடியில இருக்கற மொத்தத் தண்ணியும் உப்பாயிடும். அடுத்த ஊருக்கும் சேர்த்து."

"நீங்கதான் போடமாட்டேன்னீங்களாமே? போடறவனையும் விடமாட்டீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சக்ரி சிரிக்கவில்லை. குனிந்து இயந்திரத்தின் விசையை அணைத்தார். சட்டென்று வந்த அமைதியில் தண்ணீர் உள்ளே இறங்குகிற ஓசை எல்லோருக்கும் கேட்டது. யு மர்சிகூட வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தாள்.

"நான் அடைச்சுத் தர்றேன்" என்றார் சக்ரி. "நாற்பத்தைந்தும் இறக்கித் தர்றேன். ஆனா நான் சொல்றதை நீங்க கேக்கணும். இந்த ஒரே கிணறுதான் தெருவுக்கு. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். வீட்டு வீட்டுக்கு இருக்கற பழைய போரையெல்லாம் அடைக்கணும். உப்பாயிட்டாலும் அடைக்கணும், துணி துவைக்கக்கூட அதுல இறைக்கக்கூடாது."

பெரிய கூச்சல் எழுந்தது. என் வீட்டுத் துளையைத் தொட நீ யார் என்றார்கள். அறை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். ஒருவன், "முதல்ல உன்னுதை அடை பார்ப்போம்!" என்றான்.

"வா" என்றார் சக்ரி.

பத்துப் பதினைந்து பேர் அவர் பின்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கஸ்தினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சக்ரி மோட்டாரைக் கழற்றி மேலே தூக்கினார். பர்ஜோ வந்து இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டான். மணல், அதன்மேல் களிமண் உருண்டைகள், அதன்மேல் சிமெண்டுக் கூழ். பன்னிரண்டு மூட்டை போயிற்று. இருபத்தாறு வருஷம் குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுத்த குழாய் மதியத்துக்குள் நிரம்பி மேலே வழிந்தது. சக்ரி கைக்கரண்டியால் வழித்துச் சமன் செய்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் கஸ்தினா. ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"கேட்டிருந்தா நீ வேணாம்பே."

"ஆமா, வேணாம்பேன். அதுக்குத்தான் கேக்கணும்."

நாலு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் புதுக் கிணற்றுக்குக் களிமண் உருட்ட ஆள் போதவில்லை என்று தெரிந்ததும், புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகுவதுபோலத் தன் கைலியை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டு, கூப்பிடாமலே வந்து சேற்றில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தர்மினும் போகவில்லை. "இதையும் கத்துக்கிட்டுத்தான் போறேன், பாக்" என்று சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு நின்றான்.

கிணறு பதினேழு நாளில் முடிந்தது. நல்ல தண்ணீர். நாற்பது வீட்டில், சக்ரியுடையதையும் சேர்த்து, பதினோரு வீடுகள் பழைய துளையை அடைக்கச் சம்மதித்தன. மற்றவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். யு மர்சி மாட்டவே மாட்டேன் என்றாள். பிறகு அவள் கிணற்று மோட்டார் உப்பில் அரித்துப்போய் நின்றதும் பன்னிரண்டாவதாக வந்தாள், அதுவும் முனகிக்கொண்டே.

கிணற்றுக் குழாயைத் திறந்து மூடும் சக்கரம் சக்ரியின் பொறுப்பு. காலை ஐந்தரைக்குத் திறந்து ஏழரைக்கு மூடுவார். தினமும் சண்டை. "இன்னும் ரெண்டு குடம்தான்!" என்று கெஞ்சுவார்கள். "தண்ணிக்குப் பூட்டுப் போட்ட புண்ணியவான்!" என்று ஏசுவார்கள். விவின்கூட ஒரு நாள் வரிசையில் கடைசியில் நின்று ஏமாந்து, குழந்தையோடு வெறுங்குடமாகத் திரும்பினாள். மகளுக்கென்று அவர் சக்கரத்தைத் திருப்பவில்லை. அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் மண் எவ்வளவு இறங்கியது என்று அளந்தார். போன வருஷத்துக்கு இந்த வருஷம் அரை விரல் குறைவு. அது பன்னிரண்டு துளைகளை அடைத்ததாலா, அளவுநாடா நனைந்து நீண்டதாலா என்று அவருக்கே நிச்சயமில்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் சாய ஆலை இன்னொரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு தரம் அங்கே போய் வாயிற்காவலரிடம் தன் அளவுகளைச் சொன்னார். காவலர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய வீடும் மூழ்குகிற தெருவில்தான் இருந்தது. மேலே சொல்கிறேன் என்றார். மாவட்ட அலுவலகத்தில் சக்ரி ஒரு மனுவும் கொடுத்தார். ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் இருக்கிறதென்று பதில் வந்தது. எப்போது என்று அதில் எழுதவில்லை.

விவினும் அவள் கணவனும் குழந்தையோடு மலையடிவாரத்துக்குக் குடிபோனார்கள். "நீங்களும் வாங்க" என்றார்கள். கஸ்தினாவுக்கு ஆசைதான். "அடைக்கறதுக்கு இருநூறு பாக்கி இருக்குதாம் இவருக்கு" என்று மகளிடம் சொல்லி அனுப்பினாள். குரலில் எரிச்சல் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவருடைய சைக்கிளில் சிமெண்டுப் பையைக் கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

ஒரு நாள் ஏழரைக்குச் சக்கரத்தை மூடிவிட்டு, கிழக்கே அடுத்த ஊரில் ஒரு பழைய கிணற்றை அடைக்கப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு மீன் குட்டையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். ஈர மண்ணின்மேல் செங்கல் அடுக்கியிருந்தது. இளம் தம்பதி, மலைப்பக்கத்துப் பேச்சு. அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். கூரை இன்னும் போடவில்லை, கயிற்றில் குழந்தைத் துணி மட்டும் காய்ந்தது. அவர் சைக்கிளில் கட்டியிருந்த சாமான்களைப் பார்த்து அந்தப் பையன் ஓடிவந்தான்.

"பாக், நீங்க போர் போடறவரா? இங்க எத்தனை குழாய்ல நல்ல தண்ணி வரும்?"

சக்ரி சைக்கிளிலிருந்து இறங்கினார். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பெண் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

"முப்பத்தெட்டு" என்றார். "முப்பத்தெட்டுல நல்ல தண்ணி இருக்கு."

இருவர் முகமும் மலர்ந்தது. அவள் உள்ளே போய் ஒரு குவளையில் காப்பி கொண்டுவந்தாள். சக்ரி செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும், தம்பி. கொஞ்ச நேரம் ஆகும். நீயும் உக்காரும்மா" என்று ஆரம்பித்தார்.